எலெஃப்சீனா குடாவில் கட்டிப்போட்ட கப்பல்

ஜெர்மனியில், ஹம் நகரில் பாலச்சந்திரன் குடியிருக்கிற மூன்றாம் மாடி வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சங்கிலி, வெளியே பார்க்க ஒரு கண்ணாடித் துளை. கள்ளன் வந்து அள்ளிக்கொண்டு போக இந்த வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மனைவி ரஞ்சினி கேட்டுக் கேட்டே களைத்துப்போனாள். கம்பித் தொழிற்சாலையில் காலம் முழுக்க உழைத்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிற மனிதர். ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு ஓய்வு கிடையாது.

கடை விளம்பரத்தில் தக்காளி மலிவு என்று போட்டிருந்தால், அழுகினதைத் தள்ளுகிறான் என்பார். பக்கத்து வீட்டு ஜெர்மன் மனுசி கேக் கொண்டுவந்து கொடுத்தால், இவளுக்கு எங்களால் என்ன காரியம் ஆகவேண்டும் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கேக் காய்ந்துவிடும். கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலை செய்கிற மகன் மிதுஷன், "நல்லா இருக்கிறன் அப்பா" என்று தொலைபேசியில் சொன்னால், எதையோ மறைக்கிறான் என்று அன்று முழுக்க வீட்டுக்குள் நடப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது ஆசுப்பத்திரியில் துணை தேவை என்றால் முதலில் போய் நிற்பார். நின்றுகொண்டே டாக்டரைச் சந்தேகப்படுவார், அவ்வளவுதான்.

இந்தக் குணம் அவரோடு பிறந்ததா என்று கேட்டால் இல்லை. அது எங்கே ஒட்டிக்கொண்டது என்று அவருக்கே தெரியும். கிரேக்க தேசத்தில், எலெஃப்சீனா குடாவில்.

பின்னேரங்களில் சோபாவில் சாய்ந்து, மகன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் வானத்திலிருந்து எடுத்த அந்தக் குடாவின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். கலியாணமான புதிதில் அவர் எந்நேரமும் அந்தக் குடாவைப் பற்றியே பேச, அங்கே யாராவது பெண் இருந்தாளோ என்று ரஞ்சினி ஒரு வருடம் மனதுக்குள் வைத்துப் புழுங்கினாள். சந்தேகம் அப்படித்தான், ஒரே வீட்டில் இருந்தால் தொற்றிக்கொள்ளும். பிறகு விசாரித்ததில், அங்கே இருந்தது பெண் இல்லை, யாகோப்பு என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பெடியன் என்று தெரிந்து நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அந்தக் குடா ஏதென்சுக்கு மேற்கே இருக்கிறது. கடல் நிலத்துக்குள் புகுந்து, பிறகு வெளியே போக மனமில்லாமல் தங்கிவிட்ட இடம். வடக்கே எலெஃப்சீனா ஊர், தெற்கே சலமீஸ் என்கிற தீவு வளைந்து கிடந்து வழியை மறைக்கிறது. உள்ளே வர இரண்டே வாசல், கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, இரண்டும் ஒடுக்கம். பெரிய அலை வராது. குளம் மாதிரி. அதனால்தான், உலகத்தில் சரக்குக் குறைந்து கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போன எண்பதுகளில், முதலாளிமார் தங்கள் கப்பல்களைக் கொண்டுவந்து அங்கே வரிசை வரிசையாகக் கட்டிப்போட்டார்கள். கட்டிப்போட்ட கப்பலுக்குக் காவல் வேண்டும். கிரேக்கக் கப்பலில் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து போன பாலச்சந்திரனும் யாகோப்பும் அப்படி ஒரு பழைய சரக்குக் கப்பலுக்குக் காவலானார்கள். இருவருக்கும் இருபத்துச் சொச்சம் வயது. ஆளுக்கு ஒரு பாய், இருவருக்கும் ஒரு சட்டி, கரைக்குப் போய்வர ஒரு சின்னத் துடுப்புப் படகு.

கப்பல் ஏஜென்டின் ஆள் ஒருவன், கோஸ்தாஸ் என்று பெயர், லாஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் தண்ணீரும் பாண் ரொட்டியும் கொண்டுவருவான். கதைகாரன். உடைந்த இங்கிலீசில் அந்தக் குடாவின் வரலாற்றை அவன்தான் சொன்னான். எலெஃப்சீனாவில் முன்னொரு காலம் தானியத்துக்கு ஒரு அம்மன் இருந்தாள், வருடா வருடம் ஏதென்சிலிருந்து சனம் ஊர்வலமாக நடந்து வரும், கோயிலுக்குள் நடந்ததை வெளியே சொன்னவனுக்கு மரணதண்டனை. இப்போது அம்மனின் இடத்துக்குப் பக்கத்திலேயே சீமெந்தும் இரும்பும் எண்ணெயும் புகை விடுகின்றன. கிழக்கு வாசலைக் கையால் காட்டி, இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய சண்டையையும் சொன்னான். பாரசீக அரசன் பெரிய கடற்படையோடு வந்து வெளியே நிற்கிறான். கிரேக்கத் தளபதி ஒரு வேலைக்காரனை இரகசியமாக அனுப்பி, எங்கடை ஆட்கள் தங்களுக்குள் சண்டைபிடித்துக்கொண்டு தப்பி ஓடப் போகிறார்கள் என்று சொல்லச் சொன்னான். அரசன் நம்பினான். ஒடுக்கமான வாசலுக்குள் கப்பல்களை விட்டான். திரும்ப இடமில்லாமல் நொறுங்கிப் போனான்.

"மடையன். சொல்லி அனுப்பினவன் ஆர் எண்டு பாக்கவேண்டாமோ?" என்று பாலச்சந்திரன் யாகோப்பிடம் சொல்லிச் சிரித்தது அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை யாகோப்பு படகை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான். மாதாகோயில் பூசை காண ஏதென்சுக்குப் போய்த் தங்கி, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னான். மறுநாள் காலையில் கோஸ்தாஸ் வந்து, யாகோப்பு வேறு கப்பலில் வேலை எடுத்துவிட்டான், இனி வரமாட்டான், தன்னுடைய பையைக் கேட்கிறான் என்றான். பாலச்சந்திரனுக்குத் தலைக்குள் தீப்பிடித்த மாதிரி இருந்தது. வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூட இவனுக்கு நான் ஆள் இல்லையா? படகையும் கொண்டுபோய், என்னை நடுத்தண்ணியில் விட்டிட்டானே! அந்தக் கோபத்தில் யாகோப்பு இடுப்பில் கட்டுகிற சாரத்தையும் சட்டையையும் மடித்துப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரமே இழுவைப்படகு வந்து கப்பலைச் சலமீஸ் பக்கம் கொண்டுபோய் வேறு கப்பல்களோடு சேர்த்துக் கட்டியது. தன்னந்தனியாக அந்தக் குளிர்காலம் முழுவதையும் அங்கேதான் கழித்தார். பிறகு கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்குள் வந்து சேர்ந்தார்.

யாகோப்பும் ஜெர்மனிக்கு வந்து ஆஹெனில் குடும்பமாக இருக்கிறான் என்று பிற்பாடு தெரியவந்தது. ஒருமுறை டோர்ட்மண்டில் ஒரு சாமத்தியவீட்டில், யாரோ ஒரு பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்தில், இருவரும் நேருக்கு நேர் கண்டார்கள். யாகோப்பு ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பாலச்சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு முன் யாகோப்பு செத்தபோது செத்தவீட்டுக்கும் போகவில்லை.

இவ்வளவும் பழைய கதை. புதுக் கதை, போன மாதம் வந்த ஒரு தொலைபேசியில் தொடங்கியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலியாணம் என்று ஒரு பேச்சு எழும்பினால் இரண்டு பக்கமும் விசாரிப்பார்கள். பிள்ளையின் படிப்பையும் வேலையையும் பிள்ளையே சொல்லிவிடும். விசாரிப்பது தகப்பன் தாயை. பழகினவர், கூட வேலை செய்தவர், ஒரே ஊர்க்காரர் என்று தேடிப் பிடித்து, "ஆக்கள் எப்படி?" என்று கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. "நல்ல ஆக்கள்" என்றால் நல்லது. "சண்டைக்காரர்" என்றால்கூடப் பரவாயில்லை, சமாளிக்கலாம். "எனக்குத் தெரியாது" என்றால்தான் கதை முடிந்தது. தெரிந்தவன் தெரியாது என்றால், வாயால் சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பேசியது டோர்ட்மண்டில் இருக்கிற சுகன்யாதேவி என்ற பெண். தன் மகன் தாரகன், ஆஹெனில் அஜிதா என்று ஒரு பிள்ளையை விரும்புகிறானாம். வேதக்காரப் பிள்ளையாம், கிறிஸ்தவர்களாம், அது பரவாயில்லையாம். தகப்பன் பெயர் யாகோப்புவாம், செத்துப்போனாராம். "நீங்கள் அவரோடை ஒரே கப்பலிலை இருந்தனீங்களாமே அண்ணை, ஆள் எப்படி?"

பாலச்சந்திரன் முதலில் இவள் உண்மையிலேயே சுகன்யாதேவிதானா என்று உறுதிப்படுத்த அவளுடைய ஊர், தகப்பன் பெயர், புருசனின் வேலை எல்லாம் கேட்டார். அவளும் அவருக்குச் சளைத்தவள் இல்லை, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பவும் தன் கேள்விக்கே வந்தாள். அவருக்கு அந்தப் பழைய குளிர்காலம் ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றார்.

"ம்ம்," என்று அவள் வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு சொல் போதும் என்று அவருக்குத் தெரியும். அன்று இரவு சாப்பிடும்போது, "ஏனப்பா, செத்துப்போன மனுசன், பெட்டை என்ன பாவம் செய்தது?" என்று ரஞ்சினி கேட்டாள். "பொய் சொல்லச் சொல்லுறியோ?" என்று எரிந்து விழுந்தார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. துளையால் பார்த்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண், மழையில் நனைந்த ஜாக்கெட்டோடு நின்றாள்.

"ஆர்?"

"அஜிதா. யாகோப்பின்ரை மகள்."

"ஆரின்ரை மகள்?"

"யாகோப்பின்ரை மகள் அங்கிள். உங்களோடை கதைக்கவேணும். ஆஹெனிலை இருந்து வாறன்."

அவர் சங்கிலியை எடுக்கவில்லை. பின்னால் வந்த ரஞ்சினிதான் அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அஜிதா சோபாவின் ஓரத்தில் இருந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். அவள் கையில் இருந்த தொலைபேசி பாலச்சந்திரனின் கண்ணைக் குத்தியது. நான் கதைக்கிறதைப் பதிவு செய்துகொண்டுபோய் யாருக்கோ போட்டுக் காட்டப் போகிறாள். "உதை அங்காலை வையும் பிள்ளை," என்றார். அவள் உடனே அணைத்து ரஞ்சினியிடம் கொடுத்தாள். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது. இவ்வளவு லேசாகக் கொடுக்கிறாள் என்றால் இன்னொன்று வைத்திருப்பாள்.

"தாரகன்ரை அம்மா வேண்டாமெண்டு நிக்கிறா," என்றாள் அஜிதா. "அப்பாவிலை ஏதோ பிழை இருக்காம். என்ன எண்டு கேட்டால் தெரியாதாம். நீங்கள்தான் ஏதோ சொன்னனீங்கள் எண்டு தாரகன் சொன்னவன். எனக்குத் தெரியவேணும் அங்கிள். என்ரை அப்பா என்ன செய்தவர்?"

நேராகக் கேட்கிற ஆட்களைப் பாலச்சந்திரனுக்குப் பிடிக்காது. அவர்கள் ஒத்திகை பார்த்து வந்தவர்கள் என்பது அவருடைய எண்ணம். இவள் யாகோப்பின் மகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? சுகன்யாதேவி அனுப்பின ஆளாகவும் இருக்கலாமே. அவர் விசாரணையைத் தொடங்கினார்.

"அந்தக் குடாவுக்கு எத்தினை வாசல்?"

அவள் விழித்தாள். பிறகு, "ரெண்டு," என்றாள். "கிழக்கு வாசலிலைதான் அந்தக் காலத்திலை சண்டை நடந்தது. அரசன் மலையிலை கதிரை போட்டிருந்து பாத்தவனாம்."

"கரையிலை என்ன?"

"தானியத்து அம்மன். கோயிலுக்குள்ளை நடந்ததை வெளியாலை சொல்லக்கூடாது. சின்னனிலை நான் நித்திரை கொள்ளாட்டி அப்பா இதைத்தான் சொல்லுவார். பிறகு சீமெந்துப் புகை. உங்கடை சட்டி, சோறு எல்லாம் வெள்ளைத் தூசியாம்."

"கப்பலின்ரை பேர்?"

"பேர் இல்லை. மேலாலை பெயின்ற் அடிச்சிருந்தது. எல்லாக் கப்பலுக்கும் அப்பிடித்தான். அதாலைதான் அப்பாவாலை கண்டுபிடிக்க ஏலாமல் போனது."

"எதைக் கண்டுபிடிக்க?"

"உங்களை."

அஜிதாவே தொடர்ந்தாள்.

"திங்கக்கிழமை அப்பா படகிலை திரும்பி வர, கப்பல் நிண்ட இடத்திலை வெறும் தண்ணியாம். ஒவ்வொரு வரிசையாத் துடுப்பு வலிச்சு வலிச்சு, உங்கடை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிஞ்சவராம். கை எல்லாம் கொப்புளம். கடைசியா இறங்குதுறையிலை அந்த லாஞ்ச்காரன் அவரின்ரை பையைக் குடுத்து, கப்பலை உடைக்கத் துருக்கிக்குக் கொண்டுபோயிட்டாங்கள், உன்ரை சினேகிதனும் அதோடை போயிட்டான், உன்ரை பையை அவன்தான் தந்துவிட்டவன் எண்டு சொன்னவனாம். அப்பா நம்பேல்லை. அதுக்குப் பிறகும் தேடினவர். பையைத் திறந்து பாத்திட்டுத்தான் விட்டவராம். சாரம் நீங்கள் மடிக்கிற மாதிரி மடிச்சிருந்ததாம்."

ரஞ்சினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை," என்றாள் அஜிதா. "பாலாவுக்கு என்ன அவசரமோ எண்டுதான் சொல்லுவார். ஒருக்கா ஒரு சாமத்தியவீட்டிலை கண்டவராம். நீங்கள் முகம் குடுக்கேல்லை எண்டு வீட்டை வந்து கன நேரம் கதைக்காமல் இருந்தவர்."

பாலச்சந்திரனுக்கு இப்போதுதான் விளங்கியது. இரண்டு காவல்காரனுக்குக் கொடுக்கிற சாப்பாட்டை ஒருவனோடு நிறுத்த ஏஜென்டுக்கு வேண்டியிருந்திருக்கிறது. கோஸ்தாஸ் இவரிடம் ஒரு கதை சொன்னான், அவனிடம் இன்னொரு கதை சொன்னான். முடிந்தது காரியம். பாரசீக அரசனை மடையன் என்று சிரித்த வாய் இது. டாக்டரை, கடைக்காரனை, பக்கத்து வீட்டுக்காரியை, பெற்ற மகனை, கட்டின மனுசியை எல்லாம் சந்தேகப்பட்டவர், நாற்பது வருடத்தில் ஒருநாளாவது அந்த லாஞ்ச்காரனைச் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அவன் கொண்டுவந்தது கெட்ட செய்தி. நல்லதை யாராவது சொன்னால்தான் இவர் துருவித் துருவிக் கேட்பார். கெட்டது என்றால் கையோடு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். யாகோப்பு கை கொப்புளிக்கத் தேடினான். இவர் சாரம் மடித்தார். நினைக்க வெட்கமாக இருந்தது.

"நம்பரை எடு," என்றார் ரஞ்சினியிடம்.

சுகன்யாதேவி உடனே எடுத்தாள். பாலச்சந்திரன் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, நான் ஹம்மிலை இருந்து பாலச்சந்திரன். அண்டைக்கு நான் சொன்னது பிழை. யாகோப்பு அருமையான மனுசன். எனக்குத்தான் பிழையா விளங்கியிருந்தது. இடையிலை ஒருத்தன் ரெண்டு பேருக்கும் பொய் சொன்னவன்."

"இதை ஆர் அண்ணை இப்ப உங்களுக்குச் சொன்னது?"

"அது... அந்தப் பிள்ளை வந்தவ."

"ம்ம். வந்து அழுதிருப்பா. நீங்கள் இரங்கின மனுசன், எனக்கு விளங்குது. செத்த ஆளைப் பற்றி ஆர்தான் கூடாமல் கதைக்கப் போகினம்? நாற்பது வருசமாத் தெரியாதது ஒரு மத்தியானத்திலை தெரியுமோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி, உண்மையா..."

"நீங்கள் முதல் சொன்னதுதான் உண்மை. அதை நாங்கள் விளங்கிக்கொண்டிட்டம். விடுங்கோ."

பாலச்சந்திரனுக்குத் தன்னுடைய குரலே மற்றப் பக்கத்திலிருந்து கேட்பது போல இருந்தது. இவளிடம் எவ்வளவு நல்லதைச் சொன்னாலும் ஏறாது. அஜிதா எழும்பி ஜாக்கெட்டை எடுக்கப் போனாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"தங்கச்சி, வையாதையுங்கோ," என்றார். "அண்டைக்கு ஏன் தெரியாது எண்டனான் எண்டு சொல்லுறன். அவனை விட்டிட்டு வந்தது நான்தான்."

"என்ன?"

"கப்பலை மாத்தப் போறாங்கள் எண்டு எனக்கு முன்னமே தெரியும். அவனுக்குச் சொல்லேல்லை. ஒருத்தனுக்குத்தான் இனி வேலை எண்டாங்கள். அவன் கரைக்குப் போன நேரம் பாத்து அவன்ரை பையைக் கட்டி அனுப்பினது நான். அவன் பாவம், படகிலை என்னைத் தேடித் திரிஞ்சவன். பிறகு என்ரை பிழை வெளியிலை வந்திடும் எண்டு அவனைக் கூடாதவன் எண்டு நான்தான் சனத்துக்குக் கதை கட்டினனான்."

"ஐயோ அப்பா!" என்றாள் ரஞ்சினி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சுகன்யாதேவி பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. "எனக்கு அண்டைக்கே ஒரு சந்தேகம் அண்ணை. நீங்கள் தெரியாது எண்டு சொன்ன விதம் சரியில்லை எண்டு இவரிட்டைச் சொன்னனான். அப்ப அந்த மனுசனிலை ஒரு பிழையும் இல்லை?"

"ஒரு பிழையும் இல்லை."

"அப்ப சரி. பெடியன்ரை விருப்பத்துக்கு நாங்கள் ஏன் குறுக்கை நிப்பான்?" அவள் குரல் லேசாகிவிட்டது. பிறகு எதையோ நினைத்தவள் போல, "உங்களுக்கும் ஒரு மகன் இருக்கிறார் எல்லே அண்ணை? அவருக்கும் கலியாணம் பேசுறியளோ?" என்று கேட்டாள்.

"ஓம் தங்கச்சி. பேசுறம்."

"ம்ம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரஞ்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கடை பெடியனை இனி ஆர் எடுப்பினம்?" என்று மெல்லக் கேட்டாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார்.

"ஏன் அங்கிள் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?" என்றாள் அஜிதா.

"முதல் உண்மையைத்தானே பிள்ளை சொன்னனான்," என்றார் பாலச்சந்திரன். "அவ நம்பேல்லை."